படியும் பிழையும்

ஏடு பெயர்த்தெழுதுவோர் இழைக்கும் பிழைகள் பலவகைப்படும். எழுத்தை மாற்றி எழுதுதல் ஒன்று; அடியொன்றை விட்டுவிடுதல் மற்றொன்று. பழைய ஏடுகளை அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் இவ்விரண்டோடுமே பெரிதும் மல்லுக்கட்டினர். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. எழுதி முடித்த அடியின் ஈற்றுச்சொல்லைப் போன்ற சொல்லொன்று மேலேயும் இருக்கும். எழுதுவோனின் கண் அங்கே திரும்பிச் சென்றுவிடும். எழுதிய அடியையே கை மீண்டும் ஒருமுறை எழுதும். இதனாற் பதிப்பாசிரியருக்குப் பெருந்துன்பம் எதுவுமில்லை. இரண்டாவதை நீக்கிவிட்டு அப்பாற் செல்வார். பொருள் கெடுவதில்லை, ஏடு சிறிது நீள்கிறது, அவ்வளவே.

உயிருள்ள கலமும் இரண்டாகப் பிரியுமுன் தன்னிடமுள்ள டி. என். ஏ. என்னும் நெடிய ஏட்டைப் படியெடுத்துக் கொள்கிறது. அங்கும் எழுத்து மாறுகிறது, அடி விடுபடுகிறது, எழுதியது மீண்டும் எழுதப்படுகிறது. எழுத்துப்பிழை பார்த்துத் திருத்தும் நொதியங்கள் அங்கும் உண்டு. ஆனால் இரண்டாம் முறை எழுதப்பட்ட அடியிலே எழுத்துப்பிழை எதுவும் இல்லையே! பொருளறிந்து “இது மிகை” என்று நீக்குவதற்கு அங்கே பதிப்பாசிரியரும் இல்லை. ஆகவே மிகையடி நின்றுவிடுகிறது. அடுத்த படியிலும் அதற்கடுத்த படியிலும் தொடர்கிறது. உயிர்களின் கூர்ப்பிலே புதுமை தோன்றுவதற்கு இடம் கொடுத்த முதன்மையான வழிகளுள் ஒன்றாக இந்த மிகையடியை இன்றைய உயிரியலார் கொள்கின்றனர்.

கலைப்பீடத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒருவன் பரம்பரையலகு பற்றி எழுதப் புகுவது அடுத்தவர் வளவுக்குள் வேலி பாய்வது போன்றதென நண்பர் சிலர் நகைத்தனர். அந்த வளவுக்குள் எனக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு என்பதே அவர்களுக்கு நான் கூறிய விடை. அதற்கான உறுதியைச் சிறிது பின்னர் காட்டுவேன்.

பரம்பரையலகு இரட்டித்தலுக்கான முதற் சான்றுகளுள் ஒன்று பழ ஈயின் கண்ணிலிருந்து கிடைத்தது. இந்த ஈயின் வட்டமான கூட்டுக்கண்ணிலே எழுநூறுக்கு மேற்பட்ட சிறு முகப்புகள் இருக்கும். அரிதாகச் சில ஈக்களிற் கண் ஒடுங்கி ஒரு பட்டைபோல் ஆகிவிடுகிறது. முகப்புகள் எழுபதளவுக்குக் குறைந்துவிடுகின்றன. இவ்வியல்பு எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழியே கடத்தப்படுவது. இதில் விந்தை என்னவெனில், பட்டைக்கண் ஈக்களின் வழித்தோன்றல்களிற் சில திடீரென இயல்பான கண்ணைப் பெற்றன. வேறு சில முன்னையிலும் ஒடுங்கிய கண்ணைப் பெற்றன. 1925 ஆம் ஆண்டில் ஸ்ரேட்டெவன்ற் இதற்கு விளக்கம் தந்தார். சோடியாக நிற்கும் நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்வது வழமை. நேருக்கு நேர் நின்று மாற்றினால் கொடுத்ததும் பெற்றதும் சமம். ஒரே மாதிரியான பகுதிகள் அடுத்தடுத்து இருந்தாலோ, ஒன்றுக்கு எதிரே மற்றொன்று தவறி நின்றுவிடக்கூடும். அப்போது ஒரு நிறமூர்த்தம் கூடுதலாகப் பெறுகிறது; மற்றது இழக்கிறது. 1936 இல் பிறிட்ஜஸும், அவரைச் சாராது முல்லரும், ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள பெரிய நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, பட்டைக்கண் ஈயிலே ஒரு பகுதி இருமுறை அமைந்திருப்பதைக் கண்டனர். கண், எக்ஸ் நிறமூர்த்தம், சமமற்ற மாற்றம் ஆகிய இம்மூன்றையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

இரட்டித்தல் உண்டென்பது வேறு. அதனாற் பயன் உண்டென்பது வேறு. பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை பெற்று 1964 இற் புவனேசுவரத்தில் மறைந்த ஹோல்டேன் போன்றோர் 1930களிலேயே இதன் பயனைக் குறிப்பிட்டிருந்தனர். ஆயினும் அக்கருத்துக்கு முழு வடிவம் கொடுத்தவர் சுசுமு ஓனோ. யப்பானியரின் ஆட்சியிலிருந்த கொரியாவிலே, சியோல் நகரில், 1928 இற் பிறந்த யப்பானியர் அவர். விலங்கு மருத்துவம் பயின்றவர். கலிபோர்ணியாவில் நெடுங்காலம் ஆய்வு செய்து 2000 ஆம் ஆண்டிற் காலமானார். டி. என். ஏ. யின் எழுத்து வரிசையை இசைக்குறிப்பாக மாற்றி இசைக்கச் செய்தவர் என்பதனாற் கலைப்பீடத்தார் அவர்பால் சிறிது பரிவு காட்டலாம். கூர்ப்பிலே பரம்பரையலகு இரட்டித்தலின் பங்கு பற்றிய அவரது நூல் 1970 இல் வெளிவந்தது.

ஓனோவின் வாதம் எளிமையானது. உடலுக்கு இன்றியமையாத புரதமொன்றை ஆக்கும் பரம்பரையலகு மாற முடியாது. மாறினால் அவ்வுயிர் நலிகிறது. அதன் வழி அற்றுப்போகிறது. இயற்கைத் தேர்வு இங்கே ஒரு காவலாளன். இருப்பதைக் காப்பதே அவன் தொழில். அவ்வாறாயின் புதியது எங்கிருந்து வருவது? அதே பரம்பரையலகின் இன்னொரு படி தற்செயலாகத் தோன்றிவிட்டால், ஒன்று பழைய கடமையைச் செய்துகொண்டிருக்க மற்றது காவலிலிருந்து தப்பிவிடுகிறது. விகாரங்கள் அதிலே சேரலாம். கேட்பாரில்லை.

இவ்வாறு தப்பிய படிகளின் கதி என்ன என்பதிலேதான் பலரும் மயங்குவர். விடுதலை பெற்ற படி புதுத்தொழில் கற்றுக்கொண்டு திரும்பி வருமென நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பான்மையும் அவ்வாறு நிகழ்வதில்லை. அது சிதைகிறது. லிஞ்சும் கொனரியும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பின்படி, ஒரு பரம்பரையலகு சராசரியாகப் பத்துக் கோடி ஆண்டுக்கு ஒருமுறையளவில் இரட்டிக்கிறது. தோன்றிய படிகளிற் பெரும்பாலானவை சில மில்லியன் ஆண்டுகளுள் வாயடைத்துப் போகின்றன. எமது மணமறியும் பரம்பரையலகுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவை ஏறத்தாழ எண்ணூறு. தொழிற்படுவன ஏறத்தாழ நானூறு மட்டுமே. ஏனையவை எழுத்துண்டு பொருளில்லை என்னும் நிலையில் எம் ஒவ்வொரு கலத்திலும் கிடக்கின்றன.

சிலவேளை வேறொன்றும் நிகழ்கிறது. இரு தொழில் செய்த ஒன்று இரண்டாகியபின், ஒரு படி ஒரு தொழிலையும் மறுபடி மற்றத் தொழிலையும் இழந்துவிடுகிறது. பின்னர் இரண்டும் இன்றியமையாதனவாகின்றன. முன்னேற்றம் எதுவுமில்லை; பாகப்பிரிவினை மட்டுமே. 1999 இல் ஃபோர்ஸ், லிஞ்ச் முதலியோர் வரிக்குதிரை மீனிலே இதைக் காட்டினர். ஏனைய முள்ளந்தண்டுளிகளில் ஒரே பரம்பரையலகு செய்யும் வேலையை அம்மீனில் இரண்டு பங்கிட்டுக்கொள்கின்றன; ஒன்று மார்புச் செட்டை அரும்பிலும் மற்றது பின்மூளை, முண்ணாண் நரம்புக் கலங்களிலும் தொழிற்படுகிறது.

மொழி பயில்வோருக்கு இது புதிதன்று. “விடு” என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். “கையை விடு” என்னும்போது அது முழுவினை. தன் பழம்பொருளிலேயே நிற்கிறது. “வந்துவிட்டான்” என்னும்போது அதே சொல் துணைவினை. வருதல் நிறைவுற்றதைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. பொருட்பாரம் இறங்கியதால் அதன் உருவமும் தேய்ந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது “வந்திட்டான்” ஆகிறது. ஆனால் “கையை விட்டான்” என்பது “கையை இட்டான்” ஆவதில்லை. அங்கே வகரம் தன் இடத்தை விட்டு அசையவில்லை. பழைய கடமையைச் சுமக்கும் படி உருவத்தைக் காத்துக்கொள்கிறது. மற்றப் படி தேய்ந்து புதுக்கடமையை ஏற்கிறது. உவமையை இதற்குமேல் இழுக்க நான் விரும்பவில்லை. பேசுவோருக்கு நோக்கம் உண்டு, கலத்துக்கு இல்லை.

இனி என் உறுதியைக் காட்டவேண்டும்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிறர்க்குப்போல் வேறுபடுவதில்லை. முற்றாகக் குருடன் அல்லன். நல்ல வெயிலிற் பெரிய சிவப்புத் துணியை அறிவேன். மங்கலிலே, சிறு பொருளிலே, கபிலமும் பச்சையும் சிவப்பும் ஒன்றினுள் ஒன்று கரைந்துவிடுகின்றன. உயர்தரப் பரீட்சை முடிந்தபின் ஒரு திணைக்களத்திலே தொழிலொன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். எழுத்துப் பரீட்சையிற் சித்தி. கண் பரிசோதனையில் யப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917 இல் வெளியிட்ட புள்ளிப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். முதற் படத்தில் 12 தெரிந்தது. அது எவர்க்கும் தெரியும் படமாம். இரண்டாவதில் எனக்கு 3 தெரிந்தது. பிறர்க்கு அது 8. நாலைந்து படங்களுடன் புத்தகம் மூடப்பட்டது. “தாய்வழியில் ஆருக்கும் இருக்கோ?” என்று கேட்டார் அங்கிருந்தவர்.

இருந்தது. என் தாய்மாமனுக்கு. வடமராட்சியிலே தோட்டஞ் செய்தவர். மிளகாய்ப்பழம் ஆய மட்டும் அவரை விடமாட்டார்கள்; பழத்தோடு காயையும் ஆய்ந்துவிடுவாராம். குடும்பத்தில் அது பகிடியாகவே இருந்து வந்தது. நான் தொழிலிழந்து வந்த அன்று அது பகிடியாக இருக்கவில்லை. எங்கள் பெரியம்மா ஆறுதல் சொல்ல வந்தவர், “தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்று சொல்லிவிட்டுப் போனார். தீங்கு எண்ணிச் சொன்ன சொல் அன்று. ஆனால் அம்மா தையற்காரி. நூலைப் பற்றிய அந்தப் பழமொழி அவருக்குத் தைத்த மாதிரி வேறெவர்க்கும் தைத்திராது. அன்றிரவு மெசினை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தார். பிறகு ஒன்று சொன்னார்: “தங்கச்சிக்குப் பேச்சு வாற காலம். இதை ஒருத்தருக்கும் சொல்லாதை, தம்பி.”

எங்கள் ஊர்களிலே கலியாணப் பேச்சின்போது சாதகத்தைவிட நுணுக்கமாக விசாரிக்கப்படுவது பரம்பரை. வலிப்பு, சித்தம், தோல் என்று ஒரு பட்டியல் எல்லார் மனத்திலும் உண்டு. அதில் இன்னொன்றைச் சேர்க்க எந்தத் தாய்தான் விரும்புவாள்? பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் நூலகத்திலே தமிழ்ப் பகுதியைக் கடந்து நான் தேடிச் சென்ற முதற் புத்தகங்கள் இதைப் பற்றியனவே. அங்கேதான் ஓனோவைச் சந்தித்தேன்.

மனித விழித்திரையில் நிறமறியும் கூம்புக்கலங்கள் மூவகையின. குறுகிய அலைகளுக்குத் துலங்குவது ஒரு வகை. இதன் நிறப்பொருளுக்கான பரம்பரையலகு 7 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஏனைய இருவகையில் ஒன்று ஏறத்தாழ 530 நானோமீற்றர் அலைக்கும் மற்றது 560 நானோமீற்றர் அலைக்கும் மிகுதியாகத் துலங்குவன. வழக்கிற் பச்சைக் கூம்பு, சிவப்புக் கூம்பு என்பர். இவ்விரண்டின் பரம்பரையலகுகளும் எக்ஸ் நிறமூர்த்தத்தின் ஒரு முனையருகே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இரண்டு புரதங்களிலும் 364 அமினோ அமிலங்கள் உள்ளன. வேறுபடுவன ஏறத்தாழ 15. அவற்றுள்ளும் மூன்றிடங்களே அலைநீள வேறுபாட்டின் பெரும்பகுதியை விளைக்கின்றன. 1986 இல் ஜெரமி நேதன்ஸும் அவர் குழுவினரும் இவற்றைப் பிரித்தெடுத்து வாசித்தனர். அதற்கு நேதன்ஸ் தமது டி. என். ஏ. யையே பயன்படுத்தினார்.

இரண்டும் ஒரு மூலத்தின் படிகள். ஆசிய ஆபிரிக்கக் குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் நாமும் ஒரே மரபாயிருந்த காலத்தில், மூன்று நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்னர், ஒன்றாயிருந்த பரம்பரையலகு இரட்டித்தது. ஒரு படி சற்றே விலகியது. பச்சையிலிருந்து சிவப்புப் பிரிந்தது. பேராதனை வளாகத்திலே எங்கள் யன்னல்களைத் திறந்து பாண் எடுத்துச் செல்லும் குரங்குகளுக்கு இதனாலேயே மூன்று கூம்புகள். இலங்கைக் காடுகளிலே இரவில் உலவும் தேவாங்கின் மரபு இந்த இரட்டிப்புக்கு முன்னரே பிரிந்துவிட்டது. போதாக்குறைக்கு, குறுகிய அலைக்கான பரம்பரையலகும் அதனிடத்திற் சிதைந்து கிடக்கிறது. அதற்கு ஒரேவகைக் கூம்பு. இருளில் வாழ்வதற்கு அது போதும் போலும்.

மூன்றாங் கூம்பினால் என்ன பயன் என்பது பற்றிக் கருத்துவேறுபாடு உண்டு. பச்சை இலைகளிடையே பழுத்த பழத்தைக் காணவே என்பர் ஒரு சாரார். சிவந்த இளந்தளிரைக் காணவே என்பர் மற்றொரு சாரார். வெப்பவலயக் காடுகளிலே மென்மையும் புரதமும் மிகுந்த இளந்தளிர்கள் பல சிவந்தே தோன்றுவதால் பின்னையதிலும் உண்மை இருக்கலாம். தளிர்க் காலத்து நாக மரத்தைப் பார்த்து நண்பர்கள் வியந்து நிற்கையில் நான் அதன் பளபளப்பை மட்டும் கண்டு நின்றதுண்டு. மாந்தளிர் மேனி என்று உரையாசிரியர்கள் விளக்கும்போதும் இந்நிலைதான். மாமைக்கும் பசலைக்குமிடையே நிகழும் நிறமாற்றம் அகப்பாடல்களிலே எவ்வளவு பெரிய செய்தி! அதை நான் ஏட்டுக் கல்வியாகவே பெற்றேன். குறுந்தொகையின் முதற் பாட்டிலே போர்க்களம், அம்பு, யானைக்கொம்பு, காந்தள் எல்லாம் ஒரே செம்மையாய்ப் பொங்குவதை விரிவுரையிற் கேட்டபோது, அச்செம்மையைச் சொல்லின் ஓசையிலேதான் உணர்ந்தேன். இரங்கத்தக்க நிலை என்று இதை நான் கருதவில்லை. “பசும்பொன்” என்ற வழக்கைப் பாருங்கள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் பொதுவாக ஒரே அடிச்சொல்லை வைத்திருந்த மொழி எங்களுடையது. அதில் எனக்குச் சிறிது இடமிருக்கிறது.

இனிக் குறை எவ்வாறு நேர்கிறது என்பதைப் பார்ப்போம். அந்த இரு பரம்பரையலகுகளும் அருகருகே நிற்பதும் எழுத்துக்கெழுத்து ஒத்திருப்பதுமே அதற்குக் காரணம். தாயின் உடலில் முட்டைகள் உருவாகுங் காலத்தில் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களும் சோடி சேர்கின்றன. பட்டைக்கண் ஈயிற் போலவே இங்கும் ஒன்றுக்கு எதிரே மற்றொன்று தவறி நின்றுவிடும். மாற்றம் முடிந்ததும் ஒரு நிறமூர்த்தத்தில் மிகை. மற்றதிற் பச்சைக்குரியது இல்லை, அல்லது பாதி சிவப்பும் பாதி பச்சையுமான ஒட்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஆகையால் குறை வெளிப்படுகிறது. பெண்ணுக்கு மற்ற எக்ஸ் துணை நிற்கிறது. ஐரோப்பிய வழியினரான ஆண்களில் நூற்றுக்கு எட்டுப்பேர் அளவில் சிவப்பு, பச்சை நிறக்குறை உடையோர். ஏனைய மக்களினங்களிற் சிறிது குறைவு. எனினும் இது அரிய நோயன்று. நோயே அன்று என்றுகூட வாதிடலாம்.

இவர்களுள் தம்மைப் பற்றி எழுதிய ஒருவர், அணுக்கொள்கை தந்த ஜோன் தாற்றன். 1794 இல் மான்செஸ்ரர் இலக்கிய தத்துவச் சங்கத்திலே கட்டுரை படித்தார். பகலில் வான்நீலமாகத் தமக்குத் தோன்றிய ஜெரேனியப் பூவொன்று மெழுகுதிரி வெளிச்சத்திற் சிவப்பாகத் தோன்றியதையும், அவ்வாறே கண்டவர் தம் சகோதரர் மட்டுமே என்பதையும் அவர் அதிற் கூறினார். தமது கண்ணின் உள்ளேயுள்ள நீர்மம் நீலநிறமாயிருத்தல் வேண்டுமென நம்பிய தாற்றன், தாம் இறந்தபின் அதைச் சோதிக்குமாறு கேட்டுக்கொண்டார். 1844 இல் அவர் இறந்ததும் மருத்துவர் கண்ணைத் திறந்து பார்த்தார். நீர்மம் தெளிவாகவே இருந்தது. எஞ்சிய கண் பேணி வைக்கப்பட்டது. 1995 இல் அதிலிருந்து எடுத்த டி. என். ஏ. யை ஆராய்ந்தபோது, இடைநிலை அலைக்கான பரம்பரையலகு அவரிடம் இல்லாதிருந்தமை தெரியவந்தது. நூற்றைம்பது ஆண்டு காத்திருந்து ஒரு கண் விடை சொல்லியிருக்கிறது. விஞ்ஞான வரலாற்றிலே எனக்குப் பிடித்த கதை இதுவே.

இதே பொறிமுறை வேறிடத்திற் கடுமையான விளைவையும் தரும். குருதியிலே ஒக்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினின் அல்பாச் சங்கிலிக்கான பரம்பரையலகு 16 ஆம் நிறமூர்த்தத்தில் இரட்டையாக நிற்கிறது. சமமற்ற மாற்றத்தால் ஒன்று போய்விடலாம். அல்பா வகைத் தலசீமியாவின் பெரும்பகுதி இத்தகைய இழப்புகளின் விளைவு. ஆனால் அதே ஈமோகுளோபின் குடும்பத்தின் இரட்டிப்புகள் இல்லாவிடில் நாம் பிறந்தேயிருக்க மாட்டோம். பீற்றா வழியிலே தோன்றிய படிகளிலொன்று கருவில் மட்டும் தொழிற்படுகிறது. அதனாலான ஈமோகுளோபின் தாயினுடையதைவிட இறுக்கமாக ஒக்சிசனைப் பற்றுவதால், கருவிலுள்ள குழந்தை தாயின் குருதியிலிருந்து மூச்சை வாங்கிக்கொள்ள முடிகிறது.

சிலவேளை ஓரடியன்று, ஏடு முழுவதுமே இரட்டித்துவிடுகிறது. பாண் பொங்கச் செய்யும் மதுவத்தின் மரபிலே இது நிகழ்ந்ததை வுல்ஃபும் ஷீல்ட்ஸும் 1997 இற் காட்டினர். முள்ளந்தண்டுளிகளின் தொடக்கத்திலே இருமுறை நிகழ்ந்தது என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. அதை 1970 இலேயே ஊகித்தவரும் ஓனோதான். உடலின் முன்பின் ஒழுங்கை வகுக்கும் பரம்பரையலகுத் தொகுதி ஈட்டிமீன் எனப்படும் சிற்றுயிரிடம் ஒன்று, எம்மிடம் நான்கு.

கடந்த விடுமுறையில் இவற்றையெல்லாம் அம்மாவுக்குச் சொல்ல முயன்றேன். சிவப்பு நூற்கட்டையும் பச்சை நூற்கட்டையும் அவரே எடுத்துத் தந்தார். சோடி சேர்தலையும் தவறி நிற்றலையும் மேசையில் வைத்துக் காட்டினேன்.

“அப்ப இது என்னட்ட இருந்து வந்ததெண்டுதானே நீயும் சொல்லுறாய், தம்பி?”

“ஓம் அம்மா. உங்களுக்கு அம்மம்மாவிட்ட இருந்து வந்திருக்கும்.”

“அவவுக்கு?”

ஒட்டு எந்தத் தலைமுறையில் நேர்ந்ததென எவரும் சொல்ல முடியாது. ஒட்டு நேரக்கூடியவாறு இரண்டும் அருகருகே வந்தது குரங்குகளின் காலத்தில் என்றேன். அம்மா சிரித்துவிட்டார். “குரங்குகளுக்குக் கலியாணம் பேசுற வேலை இல்லை” என்றார்.

அவருக்குச் சொல்ல இன்னொன்றும் இருந்தது. பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸில் ஒன்று சுருண்டு வாயடைத்துவிடும். அவ்வாறு சுருண்டிருப்பது ஒரு தனி எக்ஸ் என்பதை 1959 இல் முதலிற் கண்டோருள் ஒருவரும் இதே ஓனோவே. எந்தக் கலத்தில் எது வாயடைக்கும் என்பது தற்செயல். ஆகவே என்னைப் போன்றோரின் தாய்மாரது விழித்திரை ஒரு கலப்புத் தரை: சில கூம்புகளில் இயல்பான நிறப்பொருள், சிலவற்றில் ஒட்டு நிறப்பொருள். நீலத்தையும் சேர்த்தெண்ணினால் நால்வகைக் கூம்புகள். தென்னமெரிக்கக் குரங்குகள் பலவற்றிலே இரட்டிப்பு நிகழவில்லை. ஆயினும் இரு எக்ஸிலும் வேறுவேறு வகை பெற்ற பெண் குரங்குகள் இவ்வாறே மூன்று கூம்பு பெற்று, ஆண்கள் காணாத நிறங்களைக் காண்கின்றன. நிறக்குறையுடையோரின் தாய்மார் பிறர் காணாத நிறங்களைக் காணக்கூடுமென 1948 இலேயே டி விரீஸ் என்ற ஒல்லாந்தர் கருதினார். நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கபிரியேல் ஜோர்டன் குழுவினர் 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, என்னுடைய வகைக் குறையைக் கடத்தும் பெண்கள் 24 பேரைச் சோதித்ததில் ஒருவர் உண்மையிலேயே அவ்வாறு கண்டார்.

என் தாய் அத்தகையவர் என்று நான் சொல்ல வரவில்லை; இருபத்துநால்வரில் ஒருவரே. ஆனால் வெட்டுத்துணியொன்றைக் கொடுத்தால், மங்கிய விளக்கின் கீழும் நூற்பெட்டிக்குள் கையைவிட்டு, பிறர் ஒன்றென்று சாதிக்கும் இரு நூல்களில் ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டு மற்றதை எடுப்பார் என்பதை எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்கள் அறிவர். பெரியம்மாவும் அறிவார், தன் சட்டைகளுக்கு நூல் பார்க்க வருபவர் அவர்தான்.

2009 இலே ஆய்வுகூடமொன்றில் நிறக்குறையுடைய இரு அணிற்குரங்குகளின் விழித்திரைக்குள் மனிதச் சிவப்புப் பரம்பரையலகைச் செலுத்தினர். சில மாதங்களில் அவை முன்னர் காணாத வேறுபாட்டைக் கண்டன. அவற்றிலொன்றுக்குத் தாற்றன் என்று பெயர். மனிதக் கண்ணில் அதைச் செய்வது இன்னும் வழமைக்கு வரவில்லை. வந்தாற் செய்வேனோ என்று நண்பர்கள் கேட்கின்றனர். நாக மரத்துக்காகச் செய்யலாம் என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது.

தங்கைக்கு இரண்டிலொன்று வாய்ப்பு: எந்த எக்ஸ் அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்ததென்பது தெரியாது. வந்திருந்தால் அவளுடைய மகன் ஒவ்வொருவனுக்கும் மீண்டும் இரண்டிலொன்று. கணக்கை எழுதிக் காட்டினேன். “இதுக்கோ இவ்வளவு நாளும் பொத்திப் பொத்தி வைச்சிருந்தனீங்கள்?” என்று கேட்டாள். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களில் ஒற்றுப்பிழை திருத்தித் தந்தாள். பேச்சு வந்திருக்கும் வீட்டாருக்கு இவ்விதழின் பிரதியொன்றைக் கொடுப்பது அவள் பொறுப்பு. அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.